எந்த நூலைப் படிக்கலாம்?



"பாடப் புத்தகம் படிக்கவே நேரம் போதவில்லை. மற்றப் புத்தகங்களை எப்போது படிப்பது?" என்று மாணவியர் கேட்கின்றனர். "கதைப் புத்தகம் கையில் எடுத்தால் மதிப்பெண் குறையுமே!" என்று பெற்றோர் கவலைப்படுகின்றனர். வேறு சிலரோ, படிக்க ஆசை இருந்தும், எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நூலக அலமாரியின் முன் திகைத்து நிற்கின்றனர். இம்மூவருக்கும் பயன்படும் வகையில் சில நூல்களை வகைப்படுத்திக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு கருத்தை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஒரு கை தட்டினால் ஓசை எழாது. அதுபோல ஒரே வகை நூலைப் படித்தால் உண்மையின் ஒரு பக்கமே தெரியும். வழக்கு மன்றத்தில் வாதியின் பேச்சை மட்டும் கேட்டு எந்த நீதிபதியும் தீர்ப்புச் சொல்வதில்லை. படிப்பவளும் ஒரு நீதிபதியே. எனவே ஒரு நூலைப் படித்தவுடன், அதற்கு மறுமொழி கூறும் இன்னொரு நூலைத் தேடுங்கள்.

நூலகம் நமக்கு உரியது

சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணிதப் பேராசிரியராக இருந்து, 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். நூலகத்துறைக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் ஒன்று உண்டு. ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் ஒருவர் உண்டு. இவ்விருவரையும் சேர்த்து வைப்பதே நூலகரின் கடமை என்பது அவற்றுள் இரு விதிகளின் சாரம். "எனக்குப் படிக்கப் பிடிக்காது" என்று சொல்லும் மாணவிக்கும் இவ்விதி பொருந்தும். அவளுக்கு உரிய நூல் இன்னும் அவள் கைக்கு வரவில்லை, அவ்வளவே.

ரங்கநாதனின் முயற்சியால் 1948ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் இதுவே முதலாவது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கப்படுவது இச்சட்டத்தினால்தான். ஆகவே, பெற்றோர்களே, நூலகத்துக்கான பணத்தை நீங்கள் முன்பே கட்டிவிட்டீர்கள்! உங்கள் பெண்ணை உறுப்பினராக்கி, கட்டிய பணத்திற்குப் பயன் பெறுங்கள்.

நம் மண்ணைச் சேர்ந்த நூல்கள்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் பிறந்தவர் மூதறிஞர் இராஜாஜி. அவருடைய 'வியாசர் விருந்து', 'சக்கரவர்த்தித் திருமகன்' ஆகியவை பலர் அறிந்தவை. பின்னதற்கு 1958ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. எளிய தமிழில் எழுதப் பழக விரும்பும் மாணவி இவற்றிலிருந்து தொடங்கலாம். 'திக்கற்ற பார்வதி' என்ற அவர் கதை, குடிப்பழக்கம் ஓர் ஏழைக் குடும்பத்தை எப்படி அழிக்கிறது என்று காட்டுகிறது.

அதோடு நிறுத்திவிடக் கூடாது. இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது 1953ஆம் ஆண்டு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைப் பற்றியும் படிக்க வேண்டும். சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஒரு வேளை. மறு வேளை பெற்றோரின் தொழிலில் பழக்கம் என்பது அத்திட்டம். கையால் உழைப்பதை மதிக்கக் கற்பார்கள். இன்னும் பல பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கிடைக்கும் என்று ஆதரித்தவர்கள் கூறினர். இது குலக்கல்வி, கூலி வேலை செய்பவரின் பிள்ளையைக் கூலி வேலையிலேயே நிறுத்திவிடும் என்று பெரியாரும் மற்றவர்களும் எதிர்த்தனர். 1954ஆம் ஆண்டு இராஜாஜி பதவி விலகினார். காமராசர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது. நம் ஊர் ஈன்ற பெரியவரை மதிப்பதும், அவர் திட்டத்தை எதிர்த்தவர் சொன்னதைக் கேட்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரு தரப்பு நூல்களையும் படித்தவளுக்கே இது விளங்கும்.

காட்டைப் பற்றி அறிய விரும்புவோர் கென்னத் ஆண்டர்சனைப் படிக்கலாம். பெங்களூரில் வாழ்ந்த இவர் 1954ஆம் ஆண்டு வெளியிட்ட முதல் நூலிலேயே நம் ஜவளகிரிப் பகுதியின் ஆட்கொல்லிப் புலி இடம் பெற்றுள்ளது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று நாம் பேருந்துப் பலகையில் காணும் பெயர்களெல்லாம் இவர் நூல்களில் வருகின்றன. ஆங்கிலம் எளிமையானது, ஒன்பதாம் வகுப்பு மாணவி அகராதியின் துணையோடு படிக்கலாம். அக்காலத்தில் துப்பாக்கியோடு அவர் நுழைந்த காடுகளில் ஒரு பகுதி இன்று காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாகப் பாதுகாக்கப்படுகிறது. யானையால் பயிரிழந்த உழவரிடமும் ஒரு சொல் கேட்டுவிட்டு அந்நூல்களைப் படித்தால், காட்டின் கதை இன்னும் முழுமை பெறும்.

நம் எல்லைப் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கு மொழிகளும் வழங்குகின்றன. "என் வீட்டு மொழி வேறு, பள்ளி மொழி வேறு" என்று வருந்தும் மாணவியர் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் வீட்டில் தமிழ் பேசியவர். கன்னடத்தில் எழுதி 1983ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசு பெற்றார். கி. ராஜநாராயணன் வீட்டில் தெலுங்கு பேசியவர். தமிழில் எழுதி 1991ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார். இரண்டு மொழி அறிந்தவளுக்கு இரண்டு அலமாரிகள் திறந்திருக்கின்றன.

உரிமைப் போரின் வரலாறு

வரலாறு என்றால் அரசர்களும் போர்களும் மட்டும்தானா? உங்கள் வயதுப் பெண்கள் மூவரைக் கேளுங்கள்.

முதலாமவள் முக்தாபாய். புனே நகரில் ஜோதிராவ் பூலே, சாவித்திரிபாய் பூலே நடத்திய பள்ளியில் படித்தவள். தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட மாங் சமூகத்தைச் சேர்ந்தவள். 1855ஆம் ஆண்டு, 14 வயதில், தன் மக்கள் பட்ட துயரை ஒரு கட்டுரையாக எழுதினாள். 'ஞானோதயா' என்ற மராத்தி இதழ் அதனை வெளியிட்டது. சமய நூலைத் தொடக்கூட எங்களுக்கு உரிமையில்லை என்றால், நூலற்ற நாங்கள் யார் என்ற பொருள்பட அவள் வினவினாள். பள்ளி மலரில் கட்டுரை எழுதும் மாணவியரே, ஒரு மாணவியின் கட்டுரை 170 ஆண்டுகளுக்குப் பின்னும் படிக்கப்படுகிறது என்பதை மறவாதீர்கள்.

இரண்டாமவர் ருக்மாபாய். பம்பாயில் 11 வயதில் திருமணம் செய்துவைக்கப்பட்டவர். பள்ளி செல்ல வழியின்றி, மிஷன் நூலகம் ஒன்றின் நூல்களைக் கொண்டு வீட்டிலேயே படித்தார். கணவன் வீட்டிற்கு வரவேண்டும் என்று 1884ஆம் ஆண்டு வழக்குத் தொடரப்பட்டது. அறியா வயதில் நடந்த திருமணத்தை ஏற்க மாட்டேன் என்றார் அவர். கணவனிடம் செல், அல்லது சிறை செல் என்று 1887இல் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, சிறைக்கே செல்வேன் என்று துணிந்து கூறினார். வழக்கு 1888இல் சமரசமாக முடிந்தது. பின் இலண்டன் சென்று மருத்துவம் படித்து, 1894இல் மருத்துவராகத் திரும்பினார். நம் மாவட்டத்தின் மலையோரச் சிற்றூர்களில் பதினெட்டு வயது நிறையும் முன்பே பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தி மணம் முடிக்கும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் இதனைக் குற்றம் என்கிறது. ருக்மாபாயின் வரலாறு நமக்குப் பழங்கதை அன்று.

மூன்றாமவள் கிளாடெட் கோல்வின். அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் கறுப்பர்கள் பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழவேண்டும் என்ற சட்டம் இருந்தது. 1955ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், பள்ளி முடிந்து பேருந்தில் வீடு திரும்பிய 15 வயது கிளாடெட் எழ மறுத்தாள், கைது செய்யப்பட்டாள். அதற்குச் சற்று முன்புதான் அவள் வகுப்பில் ஹேரியட் டப்மன், சோஜர்னர் ட்ரூத் என்ற இரு கறுப்பினப் பெண் போராளிகளின் வரலாற்றைப் படித்திருந்தாள். அவ்விருவரின் கைகளும் தன் தோள்களை அழுத்தி உட்காரவைத்தது போலிருந்தது என்று பிற்காலத்தில் அவர் கூறினார். எண்ணிப் பாருங்கள்! வகுப்பறையில் படித்த வரலாறு, அஞ்சி எழவேண்டிய ஒரு பெண்ணை அஞ்சாமல் அமரச் செய்தது.

அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் ரோசா பார்க்ஸ் அம்மையார் கைதானார். அதன்பின் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தே சென்றனர். பேருந்தில் இனம் பிரித்து அமர்த்துவது செல்லாது என்ற தீர்ப்பைப் பெற்றுத்தந்த வழக்கில் கிளாடெட்டும் வாதிகளுள் ஒருத்தி. இப்போராட்டத்தை வழிநடத்திய மார்ட்டின் லூதர் கிங், 'ஸ்ட்ரைட் டுவர்ட் ஃப்ரீடம்' என்ற நூலில் 1958ஆம் ஆண்டு இதனை எழுதியுள்ளார். கிளாடெட்டின் வரலாற்றை ஃபிலிப் ஹூஸ் 2009ஆம் ஆண்டு இளையோருக்கான நூலாக எழுதினார். இவ்விரண்டையும் சேர்த்தே படியுங்கள். தலைவரின் நூலில் சிறிதே தெரியும் சிறுமி, மற்றதில் முழு உருவோடு தெரிகிறாள்.

கிங் 1959ஆம் ஆண்டு இந்தியாவிற்கு வந்தார். திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியொன்றில் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்துள்ள தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அறிமுகம் செய்தார். முதலில் திடுக்கிட்ட கிங், தம் நாட்டு மக்களின் நிலையை எண்ணிப் பார்த்து, அது உண்மையே என்று உணர்ந்ததாக 1965ஆம் ஆண்டு ஓர் உரையில் கூறினார். நிறவெறியும் சாதியும் உறவுள்ளவை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆகவே கிங்கைப் படிப்பவள் டாக்டர் அம்பேத்கரையும் படிக்க வேண்டும். 1936ஆம் ஆண்டு லாகூரில் ஒரு மாநாட்டில் பேச அவரை அழைத்தவர்கள், எழுதிய உரையைக் கண்டு அஞ்சி மாநாட்டையே கைவிட்டனர். பேசாத அப்பேச்சை அவரே நூலாக அச்சிட்டார். சாதி ஒழிப்பைப் பற்றிய அந்நூல் விரைவிலேயே பெரியாரின் முயற்சியால் தமிழிலும் வந்தது. காந்தியடிகள் எழுதிய மறுப்பும், அதற்கு அம்பேத்கர் தந்த மறுமொழியும் அடுத்த பதிப்பில் சேர்க்கப்பட்டன. இரு பக்க வாதமும் ஒரே அட்டைக்குள்! மேல்நிலை வகுப்பு மாணவியர் ஆசிரியையின் உதவியோடு படிக்கத்தக்கது.

கௌபாய் கதைகள்

குதிரை, துப்பாக்கி, மாட்டு மந்தை, புழுதி பறக்கும் சிற்றூர் - இவற்றைக் கொண்ட அமெரிக்க மேற்குப் பகுதிக் கதைகளை நம் பிள்ளைகள் சிவகாசியிலிருந்து வரும் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இதழ்களில் அறிவார்கள். இவை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. லயன் இதழின் டெக்ஸ் வில்லர், 1948ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்த பாத்திரம். நவஹோ பழங்குடியினர் இவ்வெள்ளையரை 'இரவுக் கழுகு' என்று பெயரிட்டுத் தம் தலைவராக ஏற்றிருப்பதாகக் கதை.

இக்கதைகள் நம் மண்ணுக்கு அந்நியமும் அல்ல. மாடு கவர்வதும் மாடு மீட்பதும் சங்க இலக்கியம் வெட்சி, கரந்தை என்று திணை வகுத்துப் பாடிய பொருள்கள் அல்லவா? ஆநிரை மீட்கும் போரில் இறந்த வீரர்களுக்கு நட்ட நடுகற்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏராளம். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களை நேரில் காணலாம். கௌபாய் நாவலைப் படித்த கையோடு ஒரு நடுகல்லைப் பார்த்து வாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று விளக்கும்.

பெண்களுக்கு ஏற்ற நாவல் ஒன்றைக் கூறுகிறேன். சார்லஸ் போர்ட்டிஸ் 1968ஆம் ஆண்டு எழுதிய 'ட்ரூ கிரிட்'. தந்தையைக் கொன்றவனைச் சட்டத்தின் முன் நிறுத்த 14 வயது மேட்டி ராஸ் புறப்படுகிறாள். கணக்கில் கெட்டிக்காரி; பெரிய வணிகர்களிடமும் பேரம் பேசி வெல்பவள்; எவருக்கும் அஞ்சாதவள். லாரா இங்கல்ஸ் வைல்டரின் 'லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரேரி' (1935) கீழ் வகுப்பினருக்கு ஏற்றது. புல்வெளியில் ஒரு குடும்பம் மரவீடு கட்டி, கிணறு வெட்டி வாழும் கதை அது.

ஆனால் அந்த வீடு யார் நிலத்தில் எழுந்தது? ஓசேஜ் பழங்குடியினரின் நிலத்தில். அவர்களை அந்நூல் மதிப்போடு காட்டவில்லை என்ற காரணத்தால், லாராவின் பெயரில் வழங்கிவந்த விருதின் பெயரை அமெரிக்கச் சிறுவர் நூலகர்கள் 2018ஆம் ஆண்டு மாற்றினார்கள். இதற்காக அந்நூலை எறிந்துவிட வேண்டுமா? வேண்டாம். அதன் பக்கத்தில் டீ பிரவுன் எழுதிய 'பெரி மை ஹார்ட் அட் வூண்டட் நீ' (1970) என்ற நூலை வையுங்கள். மேற்குப் பகுதி வெள்ளையர் கைக்குப் போன வரலாற்றை நிலம் இழந்தவர்களின் பக்கம் நின்று கூறும் நூல் இது. இதனை எழுதியவர் ஒரு நூலகர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இன்னொரு நூல்: நாட் லவ் 1907ஆம் ஆண்டு வெளியிட்ட தன்வரலாறு. அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப்பின் மாடு மேய்க்கும் வீரரானவர். கௌபாய்களில் கறுப்பர்கள் கணிசமாக இருந்தனர். பழைய திரைப்படங்களோ அவர்களைக் காட்டுவது அரிது. உரிமைப் போர் வரலாறும் கௌபாய் கதையும் வெவ்வேறு அலமாரிகள் என்று எண்ணினோம். நாட் லவ் இரண்டையும் இணைத்துவிட்டார்!

தமிழிலும் இத்தகைய குடியேற்றக் கதை உண்டு. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) தெலுங்கு பேசும் மக்கள் தெற்கே வந்து, காடு திருத்தி ஊர் அமைத்ததைச் சொல்கிறது. இதைப் படித்தபின், சிப்காட் தொழிற்பேட்டை எழுவதற்கு முன் அந்நிலத்தில் யார் இருந்தனர், என்ன பயிரிட்டனர் என்று உங்கள் தாத்தா பாட்டியைக் கேளுங்கள். நம் ஊரின் குடியேற்றக் கதையை இனிமேல் யாரேனும் எழுத வேண்டும். அது உங்களுள் ஒருத்தியாக ஏன் இருக்கக் கூடாது?

நம் வீட்டைப் பற்றிய நூல்

பிற நாட்டாரின் குறையைப் படிப்பது எளிது. நம் வீட்டின் குறையைக் கூறும் நூலைப் படிப்பதற்குத்தான் மன உறுதி வேண்டும். பாமா எழுதிய 'கருக்கு' (1992) அத்தகையது. பனைமட்டையின் இருபுறமும் உள்ள கூர்மையான விளிம்பே கருக்கு. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, ஆசிரியையாகி, துறவற சபையில் சேர்ந்து, பின் வெளியேறியவர் பாமா. சிறுமியாக இருந்தபோது, ஊர்ப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிச் சென்றதைக் கண்டு சிரித்ததையும், அதன் காரணத்தை அண்ணன் சொல்லக் கேட்டபோது அச்சிரிப்பு மறைந்ததையும் அவர் எழுதியுள்ளார். கோயிலுக்குள்ளும் கன்னியர் மடத்திற்குள்ளும் தாம் கண்ட சாதி வேறுபாட்டையும் மறைக்காமல் கூறியுள்ளார்.

இதனை நம் பள்ளி மலரில் பரிந்துரைக்கலாமா என்று சிலர் தயங்கலாம். பரிந்துரைக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. மறைப்பதால் எந்த நோயும் தீர்ந்ததில்லை. அமெரிக்கப் பேருந்தில் நடந்த அநீதிக்குக் கண்ணீர் விடும் நாம், நம் பந்தியில், நம் கல்லறைத் தோட்டத்தில், நம் பேச்சில் உள்ளதைக் காண மறுத்தால், படித்த படிப்பு வீண். இந்நூலை மேல் வகுப்பு மாணவியர் ஆசிரியையுடனோ அருட்சகோதரிகளுடனோ அமர்ந்து படித்துப் பேசுவது நலம்.

படிக்கும் முறை

1. நாளுக்குப் பத்துப் பக்கம் போதும். மாதம் ஒரு நூல் முடியும், ஆண்டுக்குப் பன்னிரண்டு.

2. ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். நூலின் பெயர், ஆசிரியர், வெளிவந்த ஆண்டு ஆகியவற்றின் கீழ் மூன்று வரி எழுதுங்கள். யார் பேசுகிறார்? யார் பேசவில்லை? எனக்கு எழுந்த ஐயம் என்ன?

3. ஒரு கதை, ஒரு வரலாறு, ஒரு தன்வரலாறு, ஓர் அறிவியல் நூல் என்று மாற்றி மாற்றி எடுங்கள்.

4. ஐம்பது பக்கம் படித்தும் பிடிக்கவில்லையா? திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். அதில் வெட்கம் இல்லை.

5. படித்ததை ஒருவருக்காவது சொல்லுங்கள். எழுத்தறியாத பாட்டிக்குச் சொன்னால் இருவருக்கும் நன்மை.

பெற்றோர்களே! மதிப்பெண் குறையும் என்று அஞ்சாதீர்கள். பல நூல் படிப்பவளுக்குச் சொல்வளம் பெருகும்; வினாவை விரைந்து புரிந்துகொள்வாள்; சொந்த நடையில் விடை எழுதுவாள். ஆலையில் ஷிப்டு முடிந்து களைத்து வரும் தந்தையே, தாயே! உங்களுக்குப் படிக்க நேரமில்லாமல் இருக்கலாம். "இன்று என்ன படித்தாய்?" என்று கேட்க ஒரு நிமிடம் போதும். அக்கேள்வியே உங்கள் மகளுக்கு ஊக்கம்.

மாணவியரே! நாளை நீங்கள் ஆலையில் பணிபுரியலாம். மருத்துவமனையில், வங்கியில், வயலில் உழைக்கலாம். எங்கே இருந்தாலும், "எழுந்து இடம் கொடு" என்று நியாயமின்றி உங்களிடம் கூறப்படும் நாள் ஒன்று வரக்கூடும். அன்று உங்கள் தோளைப் பற்றி அமர்த்தச் சில கைகள் வேண்டும். அந்தக் கைகளை இன்றே நூலகத்தில் தேடிக்கொள்ளுங்கள்.

பயிற்சி

1. இக்கட்டுரையில் ஒன்றுக்கொன்று மறுமொழியாக அமையும் நூல்கள் எவை? இணை இணையாக எழுதுக.

2. கிளாடெட் எழ மறுத்ததற்கும் அவள் வகுப்பில் படித்த பாடத்திற்கும் உள்ள தொடர்பை விளக்குக.

3. உங்கள் ஊரில் உள்ள ஒரு நடுகல்லைப் பற்றியோ, தொழிற்பேட்டை வருவதற்கு முன் ஊர் இருந்த நிலையைப் பற்றியோ பெரியவர்களிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதுக.